பெருந்தொற்றுக் காலத்தில் நாட்பட்ட நோய்ப் பராமரிப்பும் நிதி நெருக்கடியும்

நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், இதய நோய், சிறுநீரகச் செயலிழப்பு, புற்றுநோய், ஆஸ்துமா போன்றவை நாட்பட்ட நோய்கள் எனப்படுகின்றன. இவற்றுள் பெரும்பாலானவை ஒருமுறை சிகிச்சை பெற்றவுடன் முடிந்துவிடுவதில்லை. நோயாளி பல ஆண்டுகள், பல வேளைகளில் வாழ்நாள் முழுவதும், மருந்து உட்கொண்டு பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். இந்தத் தொடர் கவனிப்பை மக்களுக்கு வழங்க அரசுகளும் தொண்டு அமைப்புகளும் நடத்தும் ஏற்பாடுகளே நாட்பட்ட நோய்ப் பராமரிப்புத் திட்டங்கள் ஆகும்.

2020-இல் கொரோனா பெருந்தொற்று பரவியபோது உலகின் பல நாடுகளில் இத்திட்டங்கள் தடைப்பட்டன. ஊரடங்கும் தொற்று அச்சமும் இதற்கு வெளிப்படையான காரணங்கள். நிதி நெருக்கடி அவற்றோடு சேர்ந்துகொண்டது. பல இடங்களில் இந்த நெருக்கடி வரவுசெலவுத் திட்டத்தில் வெட்டாகத் தோன்றவில்லை. பணியாளர்கள் இடம் மாற்றப்பட்டனர். கருவிகள் வேறு பணிக்குச் சென்றன. அரசு ஏற்றுவந்த செலவின் ஒரு பகுதி நோயாளியின் குடும்பத்தின் மீது விழுந்தது. இந்தக் கட்டுரை இந்தியாவையும் குறிப்பாகத் தமிழ்நாட்டையும் முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டு, இந்த நெருக்கடி எவ்வாறு உருவானது, யார் அதைச் சுமந்தனர், எந்த ஏற்பாடுகள் தாக்குப்பிடித்தன என்பதை விளக்குகிறது.

செலவின் தன்மை

நாட்பட்ட நோய்ப் பராமரிப்பின் செலவை நான்கு கூறுகளாகப் பிரிக்கலாம். முதலாவது மருந்து. இரண்டாவது இரத்தச் சர்க்கரை, இரத்த அழுத்தம், சிறுநீரகச் செயல்பாடு போன்றவற்றை அறியும் பரிசோதனை. மூன்றாவது மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர், களப்பணியாளர் ஆகியோரின் ஊதியம். நான்காவது நோயாளி மருத்துவமனைக்கு வந்துபோக ஆகும் பயணச் செலவும், அந்த நாளில் இழக்கும் கூலியும்.

முதல் மூன்று செலவுகள் திட்டத்தின் கணக்கில் பதிவாகும். நான்காவது எந்த அரசுக் கணக்கிலும் வராது. அதைக் குடும்பமே ஏற்கிறது. மருந்து இலவசமாகக் கிடைத்தாலும், அதைப் பெற்றுவரும் செலவு கைக்கு மீறினால் சிகிச்சை நின்றுவிடும். பெருந்தொற்றில் நடந்ததைப் புரிந்துகொள்ள இந்த வேறுபாடு அவசியம்.

மற்றொரு தன்மையும் கவனிக்கத்தக்கது. அறுவை சிகிச்சை ஒன்று தள்ளிப்போனால் அது உடனே கண்ணுக்குத் தெரியும். இரத்த அழுத்த மாத்திரை மூன்று மாதம் நின்றால் பெரும்பாலோருக்கு அன்றே எந்த வலியும் தோன்றாது. பாதிப்பு சில மாதங்களோ ஆண்டுகளோ கழித்துப் பக்கவாதமாகவோ மாரடைப்பாகவோ வெளிப்படும். ஆகவே நிதி குறையும் காலத்தில் எளிதில் ஒத்திவைக்கப்படும் செலவாக இது அமைந்துவிடுகிறது.

பெருந்தொற்றுக்கு முந்தைய நிலை

இந்தியாவில் புற்றுநோய், நீரிழிவு, இதய நோய், பக்கவாதம் ஆகியவற்றுக்கான தேசியத் திட்டம் 2010-இல் தொடங்கப்பட்டது. பின்னர் அது தேசிய சுகாதார இயக்கத்தின் கீழ் வந்தது. பெரும்பாலான மாநிலங்களில் இத்தகைய திட்டங்களின் செலவை மத்திய அரசும் மாநில அரசும் 60:40 என்ற விகிதத்தில் பகிர்ந்துகொள்கின்றன. மாநிலத்தின் வருவாய் சரிந்தால் அதன் பங்கைச் செலுத்துவது கடினமாகும் என்பது இந்த அமைப்பிலேயே உள்ள பலவீனம்.

தமிழ்நாடு இத்துறையில் சற்று முன்னதாகவே இறங்கிய மாநிலம். உலக வங்கியின் உதவியுடன் 2005-இல் தொடங்கிய தமிழ்நாடு சுகாதாரத் திட்டத்தின் கீழ், 2007-இல் விருதுநகர், சிவகங்கை மாவட்டங்களில் இதய நோய்த் தடுப்புக்கும், தஞ்சாவூர், தேனி மாவட்டங்களில் கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கும் முன்னோடி முயற்சிகள் நடைபெற்றன. 2012 முதல் தொற்றா நோய்த் திட்டம் மாநிலம் முழுவதும் விரிவாக்கப்பட்டது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் இதற்கெனத் தனிச் செவிலியர்கள் நியமிக்கப்பட்டனர்.

மருந்து கொள்முதலில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் முக்கியப் பங்கு வகிக்கிறது. 1994-இல் தொடங்கப்பட்ட இக்கழகம், மருந்துகளை அவற்றின் பொதுப் பெயரில் ஒப்பந்தப்புள்ளி மூலம் மொத்தமாக வாங்கி, மாவட்டக் கிடங்குகளில் இருப்பு வைத்து, அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்புகிறது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு கணக்குப் புத்தகம் உண்டு. ஒதுக்கப்பட்ட தொகைக்குள் தேவையான மருந்துகளை அது பெற்றுக்கொள்ளலாம். மெட்பார்மின், அம்லோடிபின், இன்சுலின் போன்றவை நோயாளிகளுக்கு இலவசமாக வழங்கப்படுகின்றன.

இத்தனை ஏற்பாடுகள் இருந்தும் நோய்க் கட்டுப்பாடு மிகக் குறைவாகவே இருந்தது. 2020-இல் தமிழ்நாட்டில் நடத்தப்பட்ட 'ஸ்டெப்ஸ்' கணக்கெடுப்பின்படி, வயது வந்தோரில் 33.9 விழுக்காட்டினருக்கு உயர் இரத்த அழுத்தம் இருந்தது. அவர்களுள் அது கட்டுப்பாட்டில் இருந்தவர்கள் 7.3 விழுக்காட்டினர் மட்டுமே. நீரிழிவு 17.6 விழுக்காட்டினருக்கு இருந்தது, அவர்களுள் 10.8 விழுக்காட்டினருக்கே சர்க்கரை கட்டுக்குள் இருந்தது. நோய் இருப்பதை அறியாதவர்களும், அறிந்தும் மருந்தைத் தொடராதவர்களும் ஏராளம். பெருந்தொற்று வந்தபோது திட்டத்தின் அடித்தளம் இந்த நிலையில்தான் இருந்தது.

அரசு வருவாயின் வீழ்ச்சி

2020 மார்ச் 25 முதல் நாடு தழுவிய ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. கடைகள், தொழிற்சாலைகள், போக்குவரத்து ஆகியவை நின்றதால் வரி வருவாய் சரிந்தது. 2019 ஏப்ரலில் சரக்கு மற்றும் சேவை வரியாக ரூ.1,13,865 கோடி வசூலாகியிருந்தது. 2020 ஏப்ரலில் அது ரூ.32,172 கோடியாகக் குறைந்தது. வரி செலுத்தக் கூடுதல் அவகாசம் அளிக்கப்பட்டதும் இதற்கு ஒரு காரணம். மாநிலங்களுக்குத் தரவேண்டிய இழப்பீட்டுத் தொகைக்குப் போதிய நிதி இல்லாததால், மத்திய அரசு 2020-21-இல் ரூ.1.1 லட்சம் கோடி கடன் பெற்று மாநிலங்களுக்கு வழங்க நேரிட்டது.

தமிழ்நாட்டின் நிதிநிலை குறித்து 2021 ஆகஸ்ட் 9 அன்று வெளியான வெள்ளை அறிக்கை, 2020-21-ஆம் ஆண்டின் வருவாய்ப் பற்றாக்குறை ரூ.61,320 கோடி எனக் குறிப்பிட்டது. பெருந்தொற்றுக்கு முன்பே மாநிலத்தின் நிதிநிலை நலிவடைந்திருந்ததையும் அவ்வறிக்கை சுட்டிக்காட்டியது. அதாவது, பெருந்தொற்று ஏற்கெனவே இருந்த நெருக்கடியை ஆழமாக்கியது.

இதே காலத்தில் சுகாதாரத் துறைக்குப் புதிய நிதியும் வந்தது. 2020 ஏப்ரலில் மத்திய அரசு ரூ.15,000 கோடிக்கான அவசரகாலத் தொகுப்புக்கு ஒப்புதல் அளித்தது. அதில் ரூ.7,774 கோடி உடனடித் தேவைகளுக்கானது. பரிசோதனைக் கூடங்கள், தனிமைப்படுத்தும் படுக்கைகள், பாதுகாப்பு உடைகள், செயற்கைச் சுவாசக் கருவிகள் போன்றவற்றுக்கு இந்த நிதி அவசியமாக இருந்தது. ஆனால் அதன் நோக்கம் கொரோனா சிகிச்சை. ஆகவே சுகாதாரச் செலவு மொத்தத்தில் கூடியபோதும், நீரிழிவு நோயாளிக்கான சேவை குறைந்தது. மொத்த ஒதுக்கீட்டை மட்டும் பார்ப்பவருக்கு இந்த முரண் புலப்படாது.

கணக்கில் தெரியாத வெட்டு

உலக சுகாதார நிறுவனம் 2020 மே மாதத்தில் 155 நாடுகளில் நடத்திய ஆய்வு இந்த நிலையைத் தெளிவாகக் காட்டியது. உயர் இரத்த அழுத்தச் சிகிச்சை முழுமையாகவோ பகுதியாகவோ தடைப்பட்டதாக 53 விழுக்காடு நாடுகள் தெரிவித்தன. நீரிழிவுச் சிகிச்சைக்கு இந்த அளவு 49 விழுக்காடு. புற்றுநோய்க்கு 42 விழுக்காடு. தொற்றா நோய்ப் பணியில் இருந்த சுகாதார அமைச்சக ஊழியர்கள் முழுமையாகவோ பகுதியாகவோ கொரோனா பணிக்கு மாற்றப்பட்டதாக 94 விழுக்காடு நாடுகள் கூறின. தமது கொரோனா திட்டத்தில் தொற்றா நோய்ச் சேவைகளுக்கெனக் கூடுதல் அரசு நிதி ஒதுக்கத் தொடங்கியிருந்தவை 17 விழுக்காடு நாடுகளே.

ஊழியர் மாற்றம் என்பது ஒருவகை நிதி மாற்றமே. தொற்றா நோய்ப் பிரிவுக்கு ஒதுக்கப்பட்ட செவிலியர் காய்ச்சல் முகாமுக்கு அனுப்பப்பட்டால், அவருடைய ஊதியம் பழைய தலைப்பிலேயே செலவாகிக்கொண்டிருக்கும். ஆவணத்தில் திட்டத்திற்கு ஒரு ரூபாயும் குறையாது. ஆனால் அந்த ஊதியம் வாங்கித்தந்த சேவை நோயாளிக்குக் கிடைக்காது. ஆய்வகக் கருவிகளுக்கும் ஆம்புலன்ஸ் வண்டிகளுக்கும் இதுவே பொருந்தும்.

களப்பணியாளர்களின் நிலையும் இதில் அடங்கும். இந்தியாவின் பல மாநிலங்களில் வீடுவீடாகச் செல்லும் 'ஆஷா' பணியாளர்கள் முறையான ஊதியம் பெறும் ஊழியர்கள் அல்லர். செய்யும் வேலைக்கேற்ப ஊக்கத்தொகை பெறுபவர்கள். கொரோனா கணக்கெடுப்பு அவர்கள் மீது கூடுதலாக ஏற்றப்பட்டது. அதற்காக மாதம் ரூ.1,000 வழங்கப்படும் என அறிவிக்கப்பட்டது. ஊதிய உயர்வும் பாதுகாப்புக் கருவிகளும் கோரி 2020 ஆகஸ்டில் அவர்கள் நாடு தழுவிய வேலைநிறுத்தம் செய்தனர். குறைந்த செலவில் இயங்கும் திட்டம் என்று பாராட்டப்படும் பல ஏற்பாடுகள் இத்தகைய பெண்களின் குறைந்த வருமானத்தின் மீதே நிற்கின்றன.

குடும்பத்தின் மீது விழுந்த சுமை

இந்தியாவில் மருத்துவத்திற்காக மக்கள் தம் கையிலிருந்து நேரடியாகச் செலவிடும் தொகை மிக அதிகம். 2019-20-ஆம் ஆண்டுக்கான தேசிய சுகாதாரக் கணக்கின்படி, மொத்தச் சுகாதாரச் செலவில் இது 47.1 விழுக்காடு. வெளிநோயாளிகளின் செலவில் மருந்துக்கே பெரும்பங்கு போகிறது. மாதம்தோறும் மருந்து வாங்கும் நாட்பட்ட நோயாளிகளை இது கடுமையாகப் பாதிக்கிறது.

ஊரடங்கின்போது இரு பக்கமும் நெருக்கடி ஏற்பட்டது. ஒருபக்கம் கூலி நின்றது. மறுபக்கம் மருத்துவமனைக்குச் செல்லும் செலவு கூடியது. தமிழ்நாட்டில் 2020 மார்ச் இறுதியில் நிறுத்தப்பட்ட பேருந்துகள் ஜூன் மாதத்தில் ஓரளவு ஓடின. ஜூலையில் மீண்டும் நிறுத்தப்பட்டு, செப்டம்பரில்தான் இயங்கத் தொடங்கின. இடைப்பட்ட மாதங்களில் வெளி மாவட்ட மருத்துவமனைக்குச் செல்ல வேண்டியவர் இ-பாஸ் பெற்று, வாடகைக் காரில் போக வேண்டியிருந்தது. சில ரூபாய்ப் பேருந்துக் கட்டணத்தில் முடிந்த பயணம் பல நாள் கூலியை விழுங்கும் செலவாக மாறியது. அரசு மருத்துவமனையில் மருந்து அப்போதும் இலவசம்தான். அதை அடையும் வழிக்குத்தான் விலை ஏறியது. அருகிலுள்ள மருந்துக் கடையில் காசு கொடுத்து வாங்கியவர்கள் உண்டு. மாத்திரையைப் பாதியாக உடைத்து நாள்களை நீட்டியவர்களும், அடியோடு நிறுத்தியவர்களும் உண்டு.

டயாலிசிஸ் நோயாளிகளின் நிலை

சிறுநீரகம் செயலிழந்தவர்கள் பொதுவாக வாரத்திற்கு இரண்டு அல்லது மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம், இயந்திரம் மூலம் இரத்தத்தைச் சுத்திகரிக்க வேண்டும். ஒரு வாரம் தள்ளிப்போனாலும் உயிருக்கு ஆபத்து. ஏழை நோயாளிகளுக்கு மாவட்ட மருத்துவமனைகளில் இலவசமாக டயாலிசிஸ் வழங்கும் பிரதமரின் தேசியத் திட்டம் 2016-இல் அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலும் இச்சிகிச்சை அடங்கும்.

இந்தியாவின் 19 பெரிய மருத்துவமனைகளில் ஊரடங்கின் முதல் வாரங்களில் திரட்டப்பட்ட தகவல்படி, டயாலிசிஸ் நோயாளிகளுள் 28.2 விழுக்காட்டினர் ஒருமுறையோ அதற்கு மேலோ சிகிச்சையைத் தவறவிட்டனர். ராஜஸ்தானில் காப்பீட்டுத் திட்டப் பயனாளிகளிடம் நடத்தப்பட்ட ஆய்வில், பத்தில் ஆறு பேருக்கும் மேற்பட்டோர் தமது சிகிச்சை தடைப்பட்டதாகத் தெரிவித்தனர். பயணத் தடை, மருத்துவமனை மூடல் ஆகியவற்றோடு கூடுதல் கட்டணமும் காரணமாக இருந்தது. பல தனியார் மையங்களில் கொரோனா பரிசோதனைக்கும் பாதுகாப்பு உடைக்கும் ஆன செலவு நோயாளியிடமே வசூலிக்கப்பட்டது. சிகிச்சைக் கட்டணத்தைக் காப்பீடு ஏற்றாலும், அதைச் சுற்றியுள்ள செலவுகள் காப்பீட்டுக்கு வெளியே நின்றன.

காசநோய்த் திட்டம்

காசநோய் தொற்றுநோய் என்றாலும் அதன் சிகிச்சை பல மாதங்கள் நீடிப்பது. சாதாரண வகைக்கு ஆறு மாதம். மருந்துக்குக் கட்டுப்படாத வகைக்கு அதைவிடக் கூடுதல் காலமும் ஆகலாம். எனவே நீண்டகாலப் பராமரிப்புத் திட்டம் நிதி நெருக்கடியில் எவ்வாறு பாதிக்கப்படுகிறது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் காசநோய்க்காகச் செலவிடப்பட்ட தொகை 2019-இல் 580 கோடி டாலராக இருந்து 2020-இல் 530 கோடி டாலராகக் குறைந்தது என உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. உலக அளவில் புதிதாகக் கண்டறியப்பட்டு அறிவிக்கப்பட்ட நோயாளிகளின் எண்ணிக்கை அதே காலத்தில் 71 லட்சத்திலிருந்து 58 லட்சமாகச் சரிந்தது. இந்தியாவில் 2019-இல் சுமார் 24 லட்சமாக இருந்த பதிவு 2020-இல் சுமார் 18 லட்சமாக இறங்கியது.

நோய் குறைந்ததால் எண்ணிக்கை குறையவில்லை; கண்டறிதல் குறைந்தது. காசநோய்ப் பரிசோதனைக்கான 'ட்ரூநாட்', 'ஜீன்எக்ஸ்பெர்ட்' கருவிகள் கொரோனா பரிசோதனைக்கும் பயன்படுத்தப்பட்டன. சளி பரிசோதனைக்கு வருவோர் குறைந்தனர். கண்டறியப்படாதவர் வீட்டில் உள்ளோருக்கும் நோயைப் பரப்பினார். உலக அளவில் காசநோய் இறப்புகள் பத்தாண்டுகளுக்கும் மேலான தொடர் சரிவுக்குப் பின் 2020-இல் மீண்டும் உயர்ந்தன.

சத்துணவுக்காக இந்தியக் காசநோயாளிகளுக்கு 2018 ஏப்ரல் முதல் மாதம் ரூ.500 வங்கிக் கணக்கில் நேரடியாகச் செலுத்தப்பட்டு வந்தது. நோயாளியாகப் பதிவானவருக்கே இத்தொகை கிடைக்கும். கண்டறிதல் குறைந்தபோது, உதவி மிகவும் தேவைப்பட்ட காலத்தில் பலர் அந்தப் பட்டியலுக்கு வெளியே இருந்தனர்.

நன்கொடை நிதியின் திசைமாற்றம்

அரசுக்கு வெளியே தொண்டு அமைப்புகளும் நாட்பட்ட நோயாளிகளுக்குச் சேவை செய்கின்றன. புற்றுநோயாளிகளுக்கான தங்குமிடம், வலி நிவாரணப் பராமரிப்பு, சிறார் நீரிழிவுக்கு இலவச இன்சுலின் போன்றவை பெரும்பாலும் நன்கொடையில் நடப்பவை.

இந்தியாவில் குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் தமது சராசரி இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். கொரோனா பணிகளுக்கான செலவு இதில் சேரும் என 2020 மார்ச் 23 அன்று மத்திய அரசு அறிவித்தது. பி.எம். கேர்ஸ் நிதிக்கு வழங்கும் தொகையும் இவ்வாறே கருதப்படும் என அடுத்த சில நாள்களில் தெளிவுபடுத்தியது. நிறுவனங்கள் அவசரத் தேவைக்கு உதவியதில் குறை காண முடியாது. ஆயினும் நன்கொடையாளரின் பணம் வரம்புக்குட்பட்டது. ஒரு பணிக்கு அது பெரிதும் திரும்பும்போது மற்றப் பணிகளுக்குக் கிடைப்பது சுருங்கும்.

செல்வ நாடுகளிலும் இதே நிலை காணப்பட்டது. பிரிட்டனில் புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பெருமளவில் நிதி வழங்கும் 'கேன்சர் ரிசர்ச் யுகே' என்ற தொண்டு நிறுவனம், நிதி திரட்டும் நிகழ்ச்சிகளும் கடைகளும் நின்றதால், 2020 ஏப்ரலில் ஆராய்ச்சி நிதியில் 4.4 கோடி பவுண்டைக் குறைப்பதாக அறிவித்தது.

கட்டண முறையும் நெருக்கடியும்

மருத்துவருக்குப் பணம் எவ்வாறு வழங்கப்படுகிறது என்பதும் நெருக்கடியின் அளவைத் தீர்மானித்தது. அமெரிக்காவில் பெரும்பாலான குடும்ப மருத்துவர்கள் நோயாளி வந்துபோகும் ஒவ்வொரு முறைக்கும் கட்டணம் பெறுகிறார்கள். 2020 ஏப்ரல் தொடக்கத்தில் அங்கு வெளிநோயாளிகளின் வருகை ஏறத்தாழ 60 விழுக்காடு குறைந்தது. வருகை நின்றதும் வருமானமும் நின்றது. நீரிழிவு, இரத்த அழுத்த நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்துவந்த சிறிய மருத்துவமனைகள் ஊழியர்களைக் குறைக்க நேரிட்டது. பதிவுசெய்த நோயாளி ஒருவருக்கு மாதம் இவ்வளவு என நிலையான தொகை பெற்றவர்களுக்கு இந்த அதிர்ச்சி குறைவாக இருந்தது. நோயாளி நேரில் வராவிட்டாலும் தொலைபேசியில் அவர்களைக் கவனிக்க முடிந்தது.

தமிழ்நாட்டின் அரசு மருத்துவமனைகள் வேறு வகையைச் சேர்ந்தவை. அங்கு ஊதியமும் மருந்தும் அரசின் ஆண்டு ஒதுக்கீட்டிலிருந்து வருகின்றன. ஆதலால் நோயாளி வராததால் ஆரம்ப சுகாதார நிலையம் எதுவும் திவாலாகவில்லை. மாறாக, நிலையம் திறந்திருந்தும் நோயாளி வந்துசேர முடியாததே சிக்கலாக இருந்தது.

மாற்று ஏற்பாடுகள்

2020 ஏப்ரலில் மத்திய சுகாதார அமைச்சகம் அத்தியாவசியச் சேவைகள் குறித்த வழிகாட்டுதலை வெளியிட்டது. நீரிழிவு, இரத்த அழுத்தம் போன்ற நோய் உள்ளவர்களுக்கு மூன்று மாதங்கள் வரைக்குமான மருந்தைக் களப்பணியாளர்கள் அல்லது துணை சுகாதார நிலையங்கள் வழியாக வழங்கலாம் என அது கூறியது. இந்த எளிய மாற்றத்தால் நோயாளியின் மூன்று பயணங்கள் ஒன்றாகக் குறையும். ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு: மூன்று மாத இருப்பை முன்கூட்டியே வாங்கிவைக்கப் பணமும் கிடங்கும் வேண்டும். மாதாமாதம் சில்லறையாகக் கொள்முதல் செய்யும் அமைப்பால் இதைச் செய்ய முடியாது. மொத்தக் கொள்முதலும் மாவட்டக் கிடங்குகளும் உள்ள இடங்களில் இது எளிது.

2020 மார்ச் 25 அன்று தொலைமருத்துவ வழிகாட்டுதல்கள் வெளியாயின. ஏப்ரலில் 'இ-சஞ்சீவனி' வெளிநோயாளர் சேவை தொடங்கியது. வீட்டிலிருந்தபடியே மருத்துவரின் ஆலோசனையை இலவசமாகப் பெறும் இந்த வசதியை அதிகம் பயன்படுத்திய மாநிலங்களுள் தமிழ்நாடும் ஒன்று. எனினும் கைப்பேசியும் இணையமும் இல்லாத முதியவர்களுக்கு இது எட்டவில்லை. மருத்துவர் திரையில் எழுதித்தரும் சீட்டுக்கு மருந்து வாங்க மீண்டும் வெளியே போகத்தான் வேண்டும்.

மக்களைத் தேடி மருத்துவம்

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைத் தொடங்கிவைத்தார். மேலே குறிப்பிட்ட வெள்ளை அறிக்கை வெளியானது இதற்கு நான்கு நாள்களுக்குப் பிறகுதான். நிதிநிலை மோசமாக இருந்த வேளையிலேயே இத்திட்டம் தொடங்கப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

மகளிர் சுய உதவிக் குழுக்களைச் சேர்ந்த பெண் தன்னார்வலர்கள் வீடுகளுக்குச் சென்று இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பரிசோதிக்கின்றனர். 45 வயதுக்கு மேற்பட்டோர், நடமாட முடியாதோர் ஆகியோருக்கு மருந்தை வீட்டிலேயே தருகின்றனர். இயன்முறை சிகிச்சை, வலி நிவாரணப் பராமரிப்பு, வீட்டிலேயே வயிற்றறை வழியாக டயாலிசிஸ் செய்துகொள்வோருக்கான திரவப் பைகள் ஆகியவையும் வழங்கப்படுகின்றன. 2024-இல் தொற்றா நோய்த் தடுப்புக்கான ஐக்கிய நாடுகள் அமைப்பின் பணிக்குழு விருது இத்திட்டத்திற்குக் கிடைத்தது.

நிதிக் கண்ணோட்டத்தில் பார்த்தால் இத்திட்டம் செய்தது ஒன்றே: குடும்பம் சுமந்துவந்த நான்காவது செலவான பயணத்தையும் கூலி இழப்பையும் அரசின் கணக்குக்குள் கொண்டுவந்தது. அதன் வலிமையும் பலவீனமும் களப்பணியாளரைச் சார்ந்தவை. குறைந்த ஊக்கத்தொகையில் பணிபுரியும் பெண்கள் விலகினால், மருந்து மீண்டும் நிலையத்தின் அலமாரியிலேயே தங்கிவிடும்.

ஒத்திவைத்த செலவின் திரும்புகை

நாட்பட்ட நோய்ப் பராமரிப்பில் மிச்சப்படுத்திய பணம் உண்மையில் மிச்சமாவதில்லை. காப்புரிமை முடிந்த இரத்த அழுத்த மாத்திரைகள் மிகக் குறைந்த விலையில் கிடைக்கின்றன. அவை தவறும்போது ஏற்படக்கூடிய பக்கவாதத்திற்குத் தீவிர சிகிச்சை, மாதக்கணக்கில் இயன்முறை சிகிச்சை, வீட்டில் கவனித்துக்கொள்ள ஒருவர் என எல்லாம் தேவைப்படும். கட்டுப்பாடற்ற நீரிழிவு கண் பார்வையையும் சிறுநீரகத்தையும் கால்களையும் பாதிக்கிறது. டயாலிசிஸ் தேவைப்படும் நிலைக்கு வந்த ஒருவருக்கு அரசு வாரந்தோறும் செய்யும் செலவு, அவருக்கு முன்பு மாத்திரையாகக் கொடுத்திருக்க வேண்டிய செலவைப் போலப் பல மடங்காகும். அதுவரை சம்பாதித்துக் குடும்பத்தைத் தாங்கியவர் வேலை இழப்பதும் இதில் சேரும்.

கொரோனா நோயே இந்த இணைப்பை வெளிச்சமிட்டுக் காட்டியது. நீரிழிவு, இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்களுக்குத் தொற்று கடுமையாவதும் இறப்பு நேர்வதும் அதிகமாக இருந்தன. நாட்பட்ட நோய்ப் பராமரிப்பைக் கொரோனா சிகிச்சையின் போட்டியாகக் கருதி நிதியைப் பிரித்தது இந்த வகையிலும் பிழையானது. சர்க்கரை கட்டுப்பாட்டில் இருந்த ஒவ்வொருவரும் தீவிர சிகிச்சைப் படுக்கையின் தேவையைக் குறைக்கக்கூடியவர்.

படிப்பினைகள்

பெருந்தொற்று அனுபவத்திலிருந்து சில பொதுவான முடிவுகளைப் பெறலாம்.

முதலாவது, அவசரகாலத்திலும் மாற்றக்கூடாத சேவைகளின் பட்டியல் முன்கூட்டியே வேண்டும். டயாலிசிஸ், இன்சுலின், காசநோய் மருந்து, புற்றுநோய் மருந்தேற்றம் ஆகியவற்றுக்கான ஊழியரையும் கருவியையும் வேறு பணிக்கு அனுப்பும்போது மாற்று ஏற்பாடு செய்வது கட்டாயமாக இருக்க வேண்டும்.

இரண்டாவது, ஒதுக்கீட்டுத் தொகையோடு சேவையின் அளவையும் கண்காணிக்க வேண்டும். இந்த மாதம் மருந்து பெற வேண்டியவர் எத்தனை பேர், பெற்றவர் எத்தனை பேர் என்ற கணக்கு, செலவுக் கணக்கு மறைப்பதைக் காட்டிக்கொடுக்கும்.

மூன்றாவது, மருந்து இருப்பு மூன்று மாதத் தேவைக்குக் குறையாமல் இருந்தால் போக்குவரத்து நின்றாலும் சிகிச்சை நிற்காது.

நான்காவது, உள்ளூர் அளவில் நிதி இருப்பது உதவும். பதினைந்தாவது நிதிக்குழு 2021-26 காலத்திற்கு உள்ளாட்சி அமைப்புகள் வழியாகச் சுகாதாரத்திற்கு ரூ.70,051 கோடி மானியத்தைப் பரிந்துரைத்தது. கேரளத்தில் 2008-இல் வலி நிவாரணப் பராமரிப்புக்கெனத் தனிக் கொள்கை வகுக்கப்பட்டு, உள்ளாட்சி அமைப்புகள் செவிலியர்களை வீடுகளுக்கு அனுப்பி வருகின்றன. இத்தகைய ஏற்பாட்டில் நோயாளியின் வீடு எங்கே இருக்கிறது என்பது பணம் செலவிடுபவருக்கே தெரியும்.

ஐந்தாவது, களப்பணியாளரின் ஊதியத்தைத் திட்டத்தின் அடிப்படைச் செலவாகக் கருத வேண்டும். அவர்களின் உழைப்பு இல்லாமல் மேற்கண்ட எதுவும் நோயாளியின் வாசலை அடையாது.

2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு உள்ளதாக மதிப்பிட்டது. அதே ஆண்டு மே மாதத்தில், 2025-க்குள் 7.5 கோடி நீரிழிவு, இரத்த அழுத்த நோயாளிகளை முறையான சிகிச்சைக்குள் கொண்டுவரும் இலக்கை மத்திய அரசு அறிவித்தது. இவ்வளவு பேருக்கு ஆண்டுக்கணக்கில் மருந்து தர வேண்டிய நாட்டில், இந்தச் செலவு தவிர்க்க முடியாத நிலையான செலவு. அரசு அதை ஏற்காத மாதங்களில் நோயாளியின் குடும்பம் ஏற்கிறது. குடும்பத்தாலும் ஏற்க முடியாதபோது சிகிச்சை நின்றுவிடுகிறது.